மலைக்குப் போகலாம், வாந்தி மாத்திரை மட்டும் வேண்டாம்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் சேலம் அம்மாப்பேட்டை. வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிறோம். என் கணவர் எனக்குத் தாய்மாமன், அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. மகனுக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. மூன்று வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி வைத்தார்கள். இப்போது நன்றாகப் பேசுகிறான்.

நாலு வயதிலிருந்து ஓடும்போதோ, தேம்பி அழும்போதோ திடீரென்று விழுந்துவிடுவான். கை கால் வெட்டும். வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். தலை ஸ்கேன், இஇஜி எல்லாம் நார்மல். முனி அடித்திருக்கிறது என்று மந்திரித்துக் கயிறும் கட்டினோம். போன மே மாதம் ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு குரங்கு பாய்ந்து அவன் கையிலிருந்த சோளத்தைப் பிடுங்கியது. அப்படியே சாய்ந்துவிட்டான். சேலத்துக்குக் கொண்டுவந்து இசிஜி எடுத்த பிறகுதான் இது இதய நோய், பெயர் ஜெர்வெல்–லாங்கே நீல்சன் என்றார்கள். ப்ரொப்ரனலால் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். நெஞ்சில் ஷாக் கருவி வைக்க வேண்டி வரலாம் என்கிறார்கள்.

சொந்தத்தில் கட்டியதால்தான் என்று ஊரே பேசுகிறது. சிலர் காதுக் கருவியால் வந்தது என்கிறார்கள். என் மாமியார், அதாவது என் அம்மாயி, இனி பையனை மலைக்கே கூட்டிப் போகாதே என்கிறார். என் அம்மா வீடு ஏற்காட்டில்தான் இருக்கிறது. மகளுக்கும் இது வருமா? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? என் தம்பி 16 வயதில் வாழப்பாடி பக்கம் கிணற்றில் மூழ்கி இறந்தான். நன்றாக நீச்சல் தெரிந்தவன். அதையும் இதையும் சேர்த்து நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய இரண்டு இசிஜி நகல்களையும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மிஷினே மேலே எண்களை அச்சடித்துத் தரும். ஆனால் இந்த நோயில் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது, கட்டத்தை எண்ணித்தான் ஆக வேண்டும். இசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் என்பது 0.04 விநாடி. மே மாதத் தாளில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே 20 கட்டம் இருக்கிறது. அதில் க்யூடி என்று நாங்கள் சொல்லும் பகுதி மட்டும் பன்னிரண்டரை கட்டம். துடிப்பதற்காகக் கிளம்பிய மின்சாரம் முழுக்க அடங்கி, இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் அது. இந்த வேகத்தில் துடிக்கும் இதயத்தில் அது பாதியைத் தாண்டக் கூடாது. பத்து கட்டத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். துடிப்பு வேகத்துக்குத் திருத்திக் கணக்குப் போட்டால் 560 மில்லி விநாடி வருகிறது. 460-ஐத் தாண்டினாலே நாங்கள் திரும்ப ஒருமுறை பார்ப்போம். 500-க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டிய அளவு. பிறவிக் காது கேளாமை, ஓட்டத்திலும் பயத்திலும் மயக்கம், இந்த இசிஜி மூன்றும் சேர்ந்தால் உங்கள் டாக்டர் சொன்ன பெயர்தான் சரி.

இரண்டாவது தாள், காது ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தது. அதிலும் க்யூடி இதே நீளம்தான். ஆகவே காதுக் கருவியால் வந்தது என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். கருவி உடம்பில் ஏறுவதற்கு முன்பே, சொல்லப்போனால் பிறக்கும்போதே, இந்தக் கோளாறு அவனிடம் இருந்திருக்கிறது.

காதுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் செல்களின் சுவரில் பொட்டாசியம் உப்பு போய்வர நுண்ணிய வாசல்கள் உண்டு. அதில் ஒரு வகை வாசல் இரண்டு இடத்தில் முக்கியமாக வேலை செய்கிறது. உள்காதில், ஒலியை உணரும் செல்களைச் சுற்றியுள்ள திரவத்துக்குப் பொட்டாசியம் சேர்ப்பது அதுதான். இதயத்தில், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்சாரத்தை அடக்குவதும் அதுதான். கேசிஎன்க்யூ1 அல்லது கேசிஎன்இ1 என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால் அந்த வாசல் வேலை செய்யாது. காது கேட்காது, க்யூடி நீளும். சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது இதயம் சமாளித்துக்கொள்ளும். ஓடும்போது, பயப்படும்போது, கோபப்படும்போது அட்ரினலின் வந்து வேகத்தைக் கூட்டுகிறது. பழைய மின்சாரம் அடங்குவதற்குள் புதிய துடிப்பு வந்து விழுகிறது. தறி ஓட்டுகிற உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மறுபக்கம் போய்ச் சேருமுன் பாவு மூடிக்கொண்டால் என்ன ஆகும்? இதயம் தாறுமாறாக நடுங்கும், மூளைக்கு ரத்தம் போகாது, குழந்தை விழுவான். ரத்தம் போகாத மூளை கை காலை வெட்டும். பார்க்கிறவர்களுக்கு அது வலிப்பு மாதிரியே இருக்கும். இந்த நோயில் வலிப்பு மாத்திரையோடு வருடக்கணக்கில் ஓடும் குழந்தைகள் நிறைய. அந்த மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இதய டாக்டரும் நரம்பு டாக்டரும் பேசி மெல்லக் குறைக்கட்டும்.

இப்போது சொந்தத்தில் கட்டிய விஷயம். பூசி மெழுகாமல் சொல்கிறேன். இந்த நோய் வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வர வேண்டும். மாமனின் அப்பா அம்மாதான் அக்கா மகளுக்குத் தாத்தா பாட்டி என்பதால், ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு வெளியில் கட்டியவர்களைவிட மிக அதிகம். அது உண்மை. ஆனால் இந்த நோயை 1957-ல் முதலில் முழுமையாக எழுதிய ஜெர்வெலும் லாங்கே நீல்சனும் நார்வே நாட்டு டாக்டர்கள். அவர்கள் பார்த்த குடும்பத்தில் ஆறு பிள்ளைகளில் நால்வருக்கு இது இருந்தது. மாமனைக் கட்டும் வழக்கமே இல்லாத அந்த ஊரில், மற்ற பல நாடுகளைவிட இது அதிகம். எப்போதோ வாழ்ந்த ஒரு மூதாதையிடமிருந்து ஒரே பழுது பல குடும்பங்களுக்குப் பரவியிருக்கிறது. தாங்கள் சொந்தம் என்றே தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள் அவர்கள். உங்கள் விஷயத்தில் கல்யாணத்தைப் பேசி முடித்தது பெரியவர்கள். அன்றைக்கு முறை தவறாமல் நடந்தது என்று பந்தியில் உட்கார்ந்து பாராட்டியவர்களில் பாதிப் பேர்தான் இன்றைக்கு இப்படிப் பேசுகிறார்கள் என்பது என் ஊகம். அவர்களுக்குப் பதில் சொல்ல நேரத்தைச் செலவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவர்களையே கூட்டிப்போய் ஒரு இசிஜி எடுத்து வையுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

ஏனென்றால், உங்கள் மகனிடம் இரண்டு பழுதான பிரதி இருக்கிறது என்றால், உங்களிடமும் உங்கள் கணவரிடமும் ஆளுக்கு ஒன்று கட்டாயம் இருக்கிறது. உங்களுக்கு அது அநேகமாக உங்கள் அம்மா வழியில் வந்திருக்கும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாது. ஆனால் சிலருக்கு க்யூடி நீண்டிருக்கும், சிலருக்கு மயக்கமும் வரும். கேசிஎன்க்யூ1 பழுதில் மயக்கத்தைக் கிளப்பும் காரியங்களில் பெயர் பெற்றது நீச்சல். நீச்சல் தெரிந்த ஒரு பையன் கிணற்றில் சத்தமில்லாமல் மூழ்கினான் என்று கேட்டால் எங்களுக்கு இந்த நினைவு வராமல் இருக்காது. உங்கள் தம்பிக்கு நடந்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வழியும் இல்லை. கிணற்றில் வேறு நூறு காரணத்தாலும் உயிர் போகும். ஆனால் அந்தச் சந்தேகம் இருக்கும்வரை உங்கள் அம்மா, அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், நீங்கள், உங்கள் கணவர், மகள் எல்லோரும் இசிஜி எடுத்தாக வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம், சில நிமிட வேலை. இசிஜி சரியாக இருந்தாலும் மரபணு பழுது இல்லை என்று அர்த்தமாகாது. மகனின் ரத்தத்தில் எந்தப் பழுது என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் சோதித்தால் போதும்.

மகளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பதால் அவளுக்கு மகனின் நோய் இல்லை. ஆனால் ஒரு பிரதியைச் சுமப்பவளாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. முடிவு தெரியும்வரை அவளையும் கிணறு, ஆறு, அருவிப் பக்கம் தனியாக விட வேண்டாம். நாளைக்கு அவளுக்கு முறைப்பையன் பேச்சு வந்தால், ஜாதகத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த ரிப்போர்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாயிக்கு ஒரு வார்த்தை: மலை ஒன்றும் செய்யாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரம் இந்த நோய்க்கு ஒரு பொருட்டே இல்லை. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு. பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள் என்று கிளம்பும் முன்னாலேயே பஸ் ஸ்டாண்ட் மருந்துக்கடையில் ஒரு வாந்தி மாத்திரை வாங்கி வாயில் போட்டுவிடுகிற பழக்கம் நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு. அது பெரும்பாலும் ஒண்டான்செட்ரானாகவோ டோம்பெரிடோனாகவோ ப்ரோமெதசினாகவோ இருக்கும். மூன்றுமே க்யூடியை நீட்டும் மருந்துகள். மற்றக் குழந்தைக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் பையனுக்கு ஏற்கெனவே 560. மலை ஏறும்போது கால் வயிற்றுக்கு இரண்டு இட்லி கொடுத்து, முன் சீட்டில் உட்கார வைத்து, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வாந்தி எடுத்தால் எடுக்கட்டும். வண்டியை ஓரம் கட்டி முகம் கழுவிவிட்டு, கொஞ்சம் ஓஆர்எஸ் கொடுங்கள்.

வாந்தி மாத்திரை ஓர் உதாரணம்தான். சளிக்கும் இருமலுக்கும் தாராளமாக எழுதப்படும் அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், வயிற்றுப்போக்குக்கு யார் கேட்டாலும் கடையில் எடுத்துக் கொடுக்கும் ஆஃப்லாக்சசின் கலந்த மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், தேமலுக்குத் தரும் ஃப்ளுகோனசோல், அரிப்புக்குத் தரும் ஹைட்ராக்சிசின், மலேரியாவுக்கான குளோரோகுயின். இவை எதுவும் வேண்டாம். மூக்கடைப்புக்கான சிரப்பில் இருக்கும் ஃபினைல்எஃப்ரின் அட்ரினலின் வகையைச் சேர்ந்தது, அதுவும் வேண்டாம். பல் டாக்டரிடம் போனால் மரப்பு ஊசியில் அட்ரினலின் கலக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தரலாம். ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால் அமாக்சிசிலின் தரலாம். எல்லாப் பெயரும் நினைவில் நிற்காது. நோயின் பெயரையும் ‘க்யூடி நீட்டும் மருந்து கூடாது’ என்பதையும் ஆங்கிலத்தில் எழுதி, லேமினேட் செய்து அவன் பையிலும் உங்கள் பர்ஸிலும் வையுங்கள். கிரெடிபிள்மெட்ஸ் என்ற இணையதளத்தில் இந்த மருந்துகளின் பட்டியல் இருக்கிறது. எந்த டாக்டரும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

வாந்தி, பேதி வந்தால் அலட்சியம் கூடாது. உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் க்யூடி இன்னும் நீளும். ஓஆர்எஸ், இளநீர் கொடுங்கள். நிற்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அட்ரினலின் இதயத்தைத் தூண்டாமல் தடுக்கும் ப்ரொப்ரனலாலைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. சாதாரண ப்ரொப்ரனலாலின் வேலை சில மணி நேரத்தில் தேய்ந்துவிடும், அதனால்தான் மூன்று வேளை. மதிய வேளை மாத்திரை பள்ளிக்கூடத்தில் யார் கையில் கொடுக்கப்படும் என்பதை டீச்சரிடம் பேசி முடிவு செய்யுங்கள். ‘டப்பாவில் வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிடு’ என்று ஏழு வயதுப் பிள்ளையை நம்ப வேண்டாம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, தீபாவளி என்று கடை மூடும் நாட்களுக்கு இரண்டு வாரச் சரக்கு கையில் இருக்கட்டும். இரண்டாவது, கடைக்காரர் ‘அது இல்லை, இதுவும் அதே வகைதான்’ என்று அட்டெனலாலோ மெட்டோப்ரொலாலோ கொடுத்தால் வாங்காதீர்கள். இந்த நோய்க்கு அவை அந்த அளவு காப்பதில்லை. மூன்றாவது, வெறும் வயிற்றில் வெகுநேரம் இருந்தால் இந்த மாத்திரை சர்க்கரையைக் குறைத்துவிடும். விரதம், ‘சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பிடலாம்’ என்பதெல்லாம் இவனுக்குக் கிடையாது. மூச்சு இழுப்பு (வீசிங்) வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், காது கேட்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தோன்றாது. காதுக் கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றிவிட்டால் அவனுக்கு உலகம் நிசப்தம். நாம் கூப்பிட்டுக்கொண்டே வருவது அவனுக்குத் தெரியாது. காலையில் எழுப்பவோ, குளித்துவிட்டு நிற்கும்போது கூப்பிடவோ பின்னாலிருந்து தோளைத் தட்டினால் தூக்கிவாரிப் போடும். அந்தத் திடுக்கிடல்தான் குரங்கு செய்த வேலை. முன்னால் போய் நின்று கண்ணில் படுங்கள். எழுப்பும்போது விளக்கைப் போட்டு, கையை மெல்ல வருடி எழுப்புங்கள். அக்காவுக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். 1856-லேயே லைப்ஸிக் ஊரில் மைஸ்னர் என்பவர், பள்ளியில் எல்லோர் முன்னாலும் கண்டிக்கப்பட்டபோது விழுந்து இறந்துபோன காது கேளாத ஒரு சிறுமியைப் பற்றி எழுதியிருக்கிறார். டீச்சரிடம் பேசும்போது இதைச் சொல்லலாம். செல்லம் கொடுக்கச் சொல்லவில்லை, அதட்டி அலறவைக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

விளையாட்டில் ஓட்டப்பந்தயம், கபடி, கால்பந்து வேண்டாம். நடை, கேரம், மெதுவான விளையாட்டு சரி. தண்ணீரில் இறங்குவது எங்கும் எப்போதும் கிடையாது. கிளியூர் அருவியைத் தள்ளி நின்று பார்க்கலாம்.

மறுபடி விழுந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். கூப்பிட்டு அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் உடனே நடு நெஞ்சில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். மலையிலிருந்து கீழே கொண்டுவரும் நேரத்தை நினைத்தால், உங்கள் அம்மா வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைக் கற்றுக்கொண்டே தீர வேண்டும். பக்கத்தில் ஷாக் மிஷின் இருந்தால் போடுங்கள். காதுக் கருவி கெட்டுவிடுமே என்று யாராவது தயங்கினால், உயிர்தான் முதலில் என்று சொல்லுங்கள்.

நெஞ்சுக்குள் வைக்கும் ஷாக் கருவி, ஐசிடி. உங்கள் டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தது சரிதான். க்யூடி நோய்களில் இது கடுமையான வகை. 2006-ல் வெளியான ஆய்வில் இந்த நோயுள்ள 186 பேரைப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டும் பாதிப் பேருக்குத் திரும்ப ஏதோ ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. அதே சமயம் ஏழு வயதில் கருவி வைத்தால் பேட்டரி மாற்றப் பலமுறை ஆபரேஷன் வரும். குழந்தை வளர வளர வயர் இழுபடும், தேவையில்லாமல் ஷாக் அடிக்கவும் கூடும். அந்த ஷாக்கே பயத்தைக் கிளப்பி அடுத்த கோளாறை வரவழைக்கும். இடது பக்கம் இதயத்துக்கு அட்ரினலின் தூண்டுதலைக் கொண்டுபோகும் நரம்பைத் துண்டிக்கும் ஆபரேஷன் ஒன்று உண்டு. மாத்திரையோடு அதையும் சேர்த்தால் ஆபத்து நன்றாகக் குறையும். குழந்தைகளின் இதயத்துடிப்புக் கோளாறு பார்க்கும் பெரிய மையத்தில் காட்டி, இரண்டையும் பற்றிக் கேளுங்கள். என் கணக்கில் மாத்திரை மட்டும் இவனுக்குப் போதாது. எது முதலில் என்பதை நேரில் பார்ப்பவர் சொல்லட்டும். எந்த ஆபரேஷன் ஆனாலும் காக்ளியர் இருப்பதைச் சொல்லுங்கள். மின்சாரத்தால் ரத்தக்குழாயைச் சுடும் கருவியில் ஒரு வகை அதைக் கெடுக்கும். காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்படியே ரத்தத்தில் இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வருவது உண்டு.

இன்னொரு குழந்தை வேண்டுமா என்பது நீங்களும் மாமாவும் முடிவு செய்ய வேண்டியது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு இல்லை, இரண்டாவதுக்கு வந்துவிட்டது, மூன்றாவதுக்கு வராது என்று கணக்குப் போட முடியாது. மகனின் மரபணுப் பழுது முன்பே தெரிந்திருந்தால் கர்ப்பத்தின் மூன்றாவது மாதத்திலேயே குழந்தைக்குச் சோதனை செய்து பார்க்கலாம். ஆகவே ரத்தச் சோதனை முதலில், மற்றது பிறகு.

கடிதத்தின் பின்பக்கம் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆத்தூரில் உங்கள் பெரியம்மா பேத்திக்கும் பிறவியிலேயே காது கேட்காது, அவளுக்கும் காக்ளியர் வைக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று. பெரியம்மா உங்கள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் கூடப்பிறந்தவர். இதைப் படித்ததும் முதல் காரியமாக அவர்களுக்குப் போன் செய்யுங்கள். ஆபரேஷன் தேதிக்கு முன் அந்தக் குழந்தைக்கு இசிஜி எடுத்து, க்யூடியைக் கையால் அளந்து பார்க்கச் சொல்லி, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடமும் உங்கள் மகனின் நோயின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.